ஒரு தரம் தட்டினால் நிற்கும் கரடி

பல்லக்கா செய்த பற்கள் இருபத்து மூன்று வருடங்களாகப் பல வாய்களில் மென்றுகொண்டும், சிரித்துக்கொண்டும், பொய் சொல்லிக்கொண்டும் இருக்கின்றன. அந்த வாய்க்காரர்கள் யாரும் அவளைப் பார்த்ததில்லை. பல் டாக்டர் கீழ்த்தளத்தில். இவள் இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேஜையில். டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சில் சாந்து ஊற்றி, மெழுகு வைத்து, கடி பார்த்து, இளஞ்சிவப்பு ஈறும் வெள்ளைப் பல்லுமாகத் திருப்பி அனுப்புவாள். புதுப் பல் முதல் வாரம் உறுத்தும். ஆள் திரும்பி வந்து இந்த இடத்தில் குத்துகிறது என்பார். நீலத் தாளைக் கடிக்கச் சொன்னால் எந்த இடம் உயரம் என்று கறை காட்டிக்கொடுத்துவிடும். அரை மயிரிழை தேய்த்தால் சரியாகிவிடும். அவளுக்குப் பயமெல்லாம் திரும்பி வராதவர்களைப் பற்றித்தான். ‘ரொம்ப நல்லா இருக்கு டாக்டர்’ என்று சிரித்துவிட்டுப் போகிறவரின் பல் வீட்டில் தண்ணீர்க் கிண்ணத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பல்லக்கா என்ற பெயர் வேலை செய்யும் இடத்தில் வைத்ததல்ல. அங்கே அவளைக் கூப்பிடுவதே இல்லை, டப்பாவில் சீட்டு எழுதித்தான் அனுப்புவார்கள். பெயர் வைத்தவர்கள் ஒரு இணைய விளையாட்டில் அவளோடு ஆடும் எட்டுப் பேர். காடும் குகையும் பூதமும் உள்ள விளையாட்டு. அதில் பல்லக்கா ஒரு வேட்டைக்காரி. வேட்டைக்காரர்கள் ஆளுக்கொரு விலங்கு வளர்க்கலாம். அவளுடையது உடும்பு. பிடித்தால் விடாத பிராணி, வளர்த்தவளுக்குப் பொருத்தம்.

ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் எல்லோரும் மாலை ஆறு முதல் பத்து வரை தொலைக்காட்சியில் மாமியார் சண்டை பார்ப்பவர்கள் என்பதால் அவள் பதில் சொல்லி வாயைக் கெடுத்துக்கொண்டதில்லை. வீட்டுக்காரர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், நல்ல மனிதர். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும், “ஏம்மா, உடும்பு சாப்பிட்டுச்சா? மிச்சம் மீதி எனக்கு ஏதாவது இருக்கா?” என்று கேட்பார். அவர் செய்யும் எதிர்ப்பு அவ்வளவுதான்.

கட்டளைகளைக் கோத்துக் கம்ப்யூட்டருக்கு ஸ்கிரிப்ட் எழுத அவள் கற்றுக்கொண்டதும் பல்லால்தான். சில வருடங்களுக்கு முன் பல் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் வரையும் இயந்திரம் வந்தது. ஒவ்வொரு பல்லுக்கும் அதே பதினேழு கட்டளைகளைத் திரும்பத் திரும்ப அழுத்தவேண்டும். பதினேழையும் ஒரே விசையில் அடைக்க முடியும் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. கடைசிப் பக்கம் வரை படிக்கும் ஜாதி அவள். ஒரு மாதத்தில் இயந்திரத்தை விற்றவர்களே போன் போட்டு அவளிடம் சந்தேகம் கேட்டார்கள்.

விளையாட்டிலும் அதே கதைதான். வளர்ப்பு விலங்குக்கு ஐந்து கட்டளைகள்: பாய், நில், திரும்பி வா, உறுமு, சும்மா இரு. உறுமினால் எதிரி ஆளை விட்டுவிட்டு விலங்கின் பக்கம் திரும்பும். ஐந்தும் திரையின் அடியில் சின்னச் சின்னப் படங்களாக இருக்கும். பூதம் தலைக்கு மேல் காலைத் தூக்கி நிற்கும் நேரத்தில் மவுஸை நகர்த்தி அந்தப் படத்தைத் தேடுவது, மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுவது போல. அதனால் கட்டளையை விசையில் கட்டவேண்டும். எதிரே எதிரி இருந்தால் பாய், இல்லாவிட்டால் திரும்பி வா, ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் நில் என்று ஒரே விசைக்குள் இரண்டு மூன்று கட்டளைகளைப் பொதிந்து சிறிய ஸ்கிரிப்ட் எழுதலாம். அந்த விளையாட்டில் அதற்குத் தடை இல்லை.

யாருக்கு எழுதினாலும் முதலில், “கைய வீடியோ எடுத்து அனுப்பு” என்பாள். முகம் வேண்டாம், கீபோர்டு மேல் கை மட்டும், பத்து நிமிடம். கூட்டத்தில் ஒரு தச்சர் இருந்தார், அவர் விரல் ஒன்று விழுந்தால் இரண்டு விசை அமுங்கும். அவருக்கு விசைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி வலது கையில் பிள்ளையும் இடது கையில் போருமாக ஆடுவாள். அவளுக்கு எல்லாமே இடது பக்க மூலையில். கடி பார்க்காமல் பல் செய்யாதே, கை பார்க்காமல் விசை கட்டாதே. இது அவள் சட்டம்.

அக்காவிடம் ஒரு குறையும் உண்டு, மறைப்பானேன்? எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். அது குறையா என்பீர்கள். எள் என்று யாரும் சொல்லாதபோதே எண்ணெயாக வந்து நின்றால்? யாராவது தண்ணீர்க் குவளையைப் பார்த்தால் போதும், நிரப்பிவிடுவாள். பேச வாயெடுத்தால் மீதி வாக்கியத்தை அவளே முடித்துவிடுவாள். அந்த முந்திரிக்கொட்டைத்தனத்தை அதிகம் அனுபவித்தவன் அவளுடைய தம்பி.

தம்பி பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவன். இரண்டு வருடத்துக்கு முன் பணிமனையில் எஞ்சின் மூடி அவன் வலது கையில் விழுந்தது. கட்டை விரல் தப்பித்தது. ஆள்காட்டி விரல் மெதுவாக மடங்கும், நடுவிரல் பாதி மடங்கும், மற்ற இரண்டும் மடங்கவே மடங்காது. கம்பெனி அவனைத் தொலைந்த பொருட்கள் அறையில் உட்காரவைத்தது. நாள் முழுக்கக் குடைகள், ஒற்றைக் கையுறைகள், யாரோ பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன குழந்தைச் செருப்புகள். அவனுக்குக் கல்யாணம் ஒன்று நடந்து, ஒத்துவராமல், விபத்துக்கு முன்பே முடிந்துபோயிருந்தது. ‘ஒரு மாசம் இங்க இரு’ என்று அக்கா அவன் பெட்டியைத் தூக்கிவந்தாள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

பேச்சு குறைந்துபோனது. வேலைக்குப் போவான், வருவான், தட்டைக் கழுவி வைப்பான், பின்னறையில் படுத்துக்கொண்டு மேற்கூரையைப் பார்ப்பான். கல்லுளிமங்கன் என்று திட்டிப்பார்த்தாள், கெஞ்சிப்பார்த்தாள். கடைசியில் கிளினிக்கில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து பின்னறையில் மாட்டி, விளையாட்டைத் திறந்து, “ஒரு விலங்கு எடு” என்றாள்.

அவன் கரடி எடுத்தான். பெயர் என்ன என்று திரை கேட்டது. இடது கையின் ஒற்றை விரலால் ‘கண்டக்டர்’ என்று அடித்தான்.

“கரடிக்குப் போய் யாராவது கண்டக்டர்னு வைப்பாங்களா?”

“கண்டக்டர் இல்லாம வண்டி எடுக்கக் கூடாதுக்கா,” என்றான். அந்த வருடத்தில் அவன் சொன்ன முதல் வேடிக்கை. அக்கா அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதன்பின் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அக்கா முன்னறையில், தம்பி பின்னறையில், நடுவில் ஒரு சுவர். காதில் மாட்டிய கருவியில் மற்ற எட்டுப் பேரின் குரல். கூட்டத்துக்குத் தலைவர் மேஸ்திரி. நிஜத்திலும் கட்டட மேஸ்திரிதான், பக்கத்தில் கலவை இயந்திரம் ஓடுவதுபோலவே எப்போதும் பேசுவார். நியாயமான ஆள், ஆனால் பொறுமையைக் கடனாகக்கூடக் கேட்டு வாங்காதவர்.

அப்போது கூட்டம் ஒரு குகையில் சிக்கிக்கிடந்தது. குகையின் கோடியில் கல்பூதம். போகும் வழியில் இரண்டு பக்கமும் வௌவால் கூட்டம் தூங்கும். பூதம் அடிவாங்கினால் பின்வாங்கும். அதைத் துரத்திக்கொண்டு விலங்கு வௌவால் பக்கம் போய்விட்டால் தீர்ந்தது, மொத்தக் கூட்டமும் எழுந்து பத்துப் பேரையும் பிய்த்துவிடும். அந்த இடத்தில் விலங்கை நிறுத்தவேண்டும். தம்பியின் விரல் ‘நில்’ விசைக்குப் போய்ச் சேர்வதற்குள் கண்டக்டர் வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கும். மூன்று வாரம், மூன்று தடவை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதையை ஒரு கரடி இவ்வளவு ஒழுங்காக நடத்தி யாரும் பார்த்ததில்லை.

மூன்றாவது தடவை பத்துப் பேரும் செத்துக்கிடந்தபோது மேஸ்திரி தொண்டையைச் செருமினார். யாரிடமும் அப்படிச் செருமாதவர். “தம்பி, உங்கள நான் ஒண்ணும் சொல்லல. உங்க நிலைமை எல்லாருக்கும் தெரியும். ஆனா அடுத்த தடவையும் கரடி ஓடிச்சுன்னா, இந்தக் குகை முடியற வரைக்கும் நீங்க கொஞ்சம் வெளிய உக்காந்துக்கங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

“சரிங்க,” என்றது தம்பியின் குரல்.

“நான் சரி பண்ணித் தரேன் மேஸ்திரி,” என்றது, வேறு யார், பல்லக்காவின் குரல்.

அந்த ஒரு வாரம் அவள் வேறெதுவும் செய்யவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தவிர அவனை மனிதர்களோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் கயிறு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அது அறுந்தால் மறுபடி மேற்கூரைதான். நாற்பத்திரண்டு வரி எழுதினாள். எதிரி அருகில் வந்தால் கரடி தானே பாயும். வௌவால்கள் தூங்கும் இடத்தின் எல்லைக்கோடு வந்தால் தானே நிற்கும். உயிர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் தானே பின்வாங்கும், தேறியதும் தானே உறுமிக்கொண்டு திரும்பும். எல்லாம் ஒரே விசையில், கீபோர்டின் அடியில் நீளமாகக் கிடக்கும் ஸ்பேஸ் விசையில். தம்பி அதைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து உடும்புக்கே வெட்கமாகியிருக்கும். ஒரு வௌவால் விழிக்கவில்லை. கல்பூதம் பாதி உயிர் இழந்தது, அதுவரை யாரும் அந்த அளவுக்கு அதைக் கொண்டுவந்ததில்லை. “பிரமாதம் தம்பி! பிரமாதம்!” என்றார் மேஸ்திரி. தச்சர் கைதட்டினார். கைக்குழந்தைக்காரி குழந்தையின் கையை எடுத்துத் தட்டினாள். பல்லக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

“எப்படிடா இருந்துச்சு?” என்று சுவரைத் தாண்டிக் கத்தினாள்.

“ரொம்ப நல்லா இருக்குக்கா.”

அந்தப் பதிலைக் கேட்டு வேறு எவள் வேண்டுமானாலும் ஏமாந்திருக்கலாம். இரண்டாம் மாடியில் இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்தவள் ஏமாந்திருக்கக் கூடாது. ஏமாந்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும்.

அடுத்த ஞாயிறு தம்பிக்குத் தலைவலி. அதற்கடுத்த ஞாயிறும் தலைவலி. இரண்டு வாரமும் குகைப்பக்கம் போகாமல் மீன் பிடித்துக் காலம் தள்ளிய மேஸ்திரி, “வர்ற ஞாயிறும் தம்பி வரலன்னா வேற ஆளப் பாக்கணும் பல்லக்கா, எல்லாரும் காத்திருக்காங்க,” என்றார். அன்று மத்தியானம் அவள் பின்னறைக்குப் போனாள். கம்ப்யூட்டர் மேல் துண்டு போர்த்தியிருந்தது. தம்பி படுக்கையில் உட்கார்ந்து வலது கைக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டிருந்தான்.

“தலவலி எப்படி இருக்கு?”

“தலவலி எல்லாம் இல்ல.”

“அப்புறம் ஏன்டா வரல? நல்லாத்தான போச்சு? எல்லாரும் எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க! விசை எங்கயாவது சிக்குதா? எழுதினதுல ஏதாவது…”

“உக்காருக்கா. ஒண்ணு காட்டறேன்.”

துண்டை எடுத்துவிட்டு விளையாட்டைத் திறந்தான். காட்டு ஓரத்தில் ஓநாய்கள் திரியும் இடத்துக்குப் போனான். மேஜையில் இருந்த டீத்தூள் டப்பாவை எடுத்து ஸ்பேஸ் விசையின் மேல் வைத்தான். கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தான்.

கண்டக்டர் பாய்ந்தது. ஓநாய் ஒன்று விழுந்தது. அடுத்த ஓநாயிடம் போய் நின்றது, உறுமியது, அடிபட்டதும் அழகாகப் பின்வாங்கியது, தேறியதும் திரும்பிப் போனது. மூன்று, நான்கு, ஐந்து ஓநாய்கள். அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டப்பா விளையாடுவதைப் பார்த்தார்கள்.

“பாத்தியா?” என்றான். “என்னவிட டப்பா நல்லா ஆடுது. மேஸ்திரி பிரமாதம்னு சொன்னது இதத்தான். இதுக்கு நான் எதுக்கு?”

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது.

“தப்பா நினைக்காத. நீ எனக்காகத்தான் செஞ்ச. ரெண்டு வருஷமா எல்லாரும் எனக்காகத்தான் செய்யறாங்க. கதவத் திறந்து விடறாங்க. குடை எடுக்க வர்றவங்க, நீங்க எழுந்திருக்க வேணாம், நாங்களே எடுத்துக்கறோம்ங்கறாங்க. மேஸ்திரி தச்சர வாய்க்கு வந்தபடி திட்டறாரு, என்கிட்ட செருமறாரு. சரி, அதெல்லாம் பரவால்ல. அந்தக் கரடிய மட்டுமாவது நான் ஓட்டணும்னு இருந்துச்சு.”

இரண்டு வருடத்தில் அவன் மூச்சுவிடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கரடி நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தச்சரின் கையைப் பத்து நிமிடம் பார்த்தாள், குழந்தைக்காரியின் கையைப் பார்த்தாள், முன்பின் தெரியாதவர்கள் கையையெல்லாம் பார்த்தாள். இவன் கையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லவே இல்லை. கூடப்பிறந்தவன் கைதானே, தெரியாதா என்று இருந்துவிட்டாள். உண்மையில் விபத்துக்குப் பிறகு அந்தக் கையை அவள் ஒரு முறைகூட நேராகப் பார்த்ததில்லை. பார்க்கப் பயம். கட்டுப் பிரித்த நாளில்கூட ஜன்னலைப் பார்த்தபடிதான் நின்றாள்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. “நாற்பத்திரெண்டு வரியையும் அழிச்சிடறேன்,” என்றாள். “கைய நீட்டு. எப்படித் தட்டறன்னு காட்டு.”

அவன் நீட்டினான். பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் வரை ஓடிய தழும்பு, நகம் மறுபடி முளைக்காத சுண்டு விரல். எல்லாவற்றையும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. விரல்களால் முடியாது. ஆனால் கட்டை விரலின் அடிச்சதையால் ஸ்பேஸ் விசையை அவனால் நன்றாகத் தட்ட முடிந்தது, மேஜையைத் தட்டுவதுபோல.

“ஒரு விசைதான் உன்னால நம்பி அடிக்க முடியும். கட்டளை அஞ்சு இருக்கு. அதான்டா நான்…”

“பஸ்ஸுலயும் ஒரு மணிதான்க்கா இருக்கு,” என்றான் தம்பி. “ஒரு தரம் அடிச்சா நில்லு. ரெண்டு தரம் அடிச்சா போ. விடாம அடிச்சா ஏதோ ஆபத்து. பத்தொம்போது வருஷம் அத வெச்சுத்தான் ஓட்டினேன். அதுக்கு மேல என்ன வேணும்?”

பல்லக்கா அவனையே பார்த்தாள். இவ்வளவு எளிய விஷயம் தன் மண்டையில் உதிக்கவில்லையே என்று அவளுக்கு எரிச்சல்கூட வந்தது. ஒரு தட்டுக்கு நில். இரண்டு தட்டுக்கு உறுமிக்கொண்டு பாய். மூன்றுக்கு மேல் தட்டினால் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வா. சும்மா இரு என்ற கட்டளை எதற்கு? கண்டக்டர் என்றைக்குச் சும்மா இருந்தது?

“பழச அழிச்சா ஸ்பேஸ்ல மறுபடி ஆளு குதிக்கறது வந்துடுமே? அத எங்க வைக்க?”

“கரடிக்காரன் எதுக்குக்கா குதிக்கணும்?”

எழுதுவது எளிது, பன்னிரண்டு வரி. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இரண்டு தட்டை இரண்டு என்று எண்ண, இரண்டாவது எவ்வளவு நேரத்துக்குள் விழவேண்டும்? சாதாரணக் கைக்குக் கால் நொடி போதும். அவனை முப்பது முறை தட்டச்சொல்லி அளந்தாள். முக்கால் நொடி. சரி, முக்கால் நொடியே வைப்போம் என்றால், வேறொரு வினை வந்து சேர்ந்தது. அவன் ஒரு தரம் தட்டியதும் ஸ்கிரிப்ட் முக்கால் நொடி காத்திருக்கும், இன்னொரு தட்டு வருமோ என்று. வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் நில் என்று சொல்லும். ஆக அவன் கரடி எப்போதும் முக்கால் நொடி தாமதமாகத்தான் நிற்கும். ஓடும் கரடிக்கு முக்கால் நொடி என்பது குகையில் நான்கு தப்படி. நான்கு தப்படியில் வௌவால்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவள் இதோடு மல்லுக்கட்டினாள். முக்காலை அரையாக்கினால் அவன் இரண்டாம் தட்டு தவறியது. கடைசியில் தோற்றுப்போய் வந்து கேட்டாள். “எல்லைக்கோட்டுல மட்டும் தானா நிக்கற மாதிரி ரெண்டே வரி சேத்துக்கட்டுமா? வேற எதுவும் தொடமாட்டேன்.”

“வேணாம்.”

“லேட்டா நிக்கும்டா. மறுபடி ஓடிச்சுன்னா மேஸ்திரி வெளிய உக்காரச் சொல்லிடுவாரு. சொன்னா சொன்னதுதான் அவரு.”

தம்பி சிரித்தான். “அக்கா, அம்பது பேர ஏத்திட்டு இறக்கத்துல வர்ற பஸ்ஸு பிரேக் போட்ட எடத்துலயா நிக்கும்? நிறுத்தத்துக்கு எவ்வளவு முன்னால மிதிக்கணும்னு தெரிஞ்சவன்தான் டிரைவரு. முக்கால் நொடி எனக்கு வேணும். அது என் வேல.”

மூன்று நாள் சாயங்காலம் பின்னறையில் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே போகவில்லை. இரண்டு முறை டீ எடுத்துக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பியது உண்மை. வீட்டுக்காரர் அந்த டீயைக் குடித்தார்.

ஞாயிறு பத்து மணிக்குக் குகை வாசலில் பத்துப் பேரும் கூடினார்கள். இன்று கரடி ஓடினால் அவன் வெளியே. வெளியே போனால் கம்ப்யூட்டர் மேல் மறுபடி துண்டு விழும், அதை எடுக்க இனி அவளாலும் முடியாது.

போர் தொடங்கியது. சுவருக்கு அப்பால் இரண்டு தட்டு, கண்டக்டர் உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஒரு தட்டு, நின்றது. மறுபடி இரண்டு. கல்பூதம் கால் பங்கு உயிர் இழந்து முதல் தடவை பின்வாங்கியது. கரடி துரத்தியது. தட்டு விழுந்தது. ஒரு தப்படி, ஒரே ஒரு தப்படி தாமதம். வௌவால்கள் எழுந்தன. அரை நிமிடத்தில் பத்துப் பேரும் தரையில்.

காதில் மேஸ்திரியின் செருமல் கேட்டது. “தம்பி… போன தடவை நல்லாத்தான இருந்துச்சு? அக்கா எழுதினதுல ஏதாவது கோளாறுங்களா?”

பல்லக்கா பேச வாயெடுத்துவிட்டாள். ஆமாம் மேஸ்திரி, என் தப்புதான், விசையில் தாமதம் இருக்கு, நான் சரி பண்ணித் தரேன் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. தம்பி முந்திக்கொண்டான்.

“அக்கா எழுதினது சரியாத்தான் இருக்கு. நான்தான் லேட்டா அடிச்சேன். பூதம் பின்வாங்கறதப் பாத்துட்டு அடிச்சேன். பின்வாங்கறதுக்கு முன்னால அது கைய ஓங்குது, அப்பவே அடிச்சிருக்கணும். என் தப்பு.”

“என்னய்யா நீ!” என்றார் மேஸ்திரி. செருமல் போய்க் கலவை இயந்திரம் வந்திருந்தது. “கண்ண எங்க வெச்சிருந்த? ஒரு மணி நேரம் போச்சேய்யா! அது கைய ஓங்கும்னு தெரியுது இல்ல, தெரிஞ்சும் வேடிக்கையா பாக்கற?”

“தெரியும். இப்ப தெரியும்.”

“எங்க கோணல்னு தெரிஞ்சா செவுத்த முழுசா இடிக்க வேணாம். எழுந்திரு, மறுபடி போலாம். இந்தத் தடவை விட்ட, தொலைச்சிடுவேன்.”

இரண்டு வருடம் கழித்து ஒருவர் அவள் தம்பியைத் திட்டுகிறார். பல்லக்காவுக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

மறுபடி இறங்கினார்கள். கல்பூதம் கையை ஓங்கியது. சுவருக்கு அப்பால் ஒரு தட்டு விழுந்தது, கண்டக்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஓடிக்கொண்டிருந்தது, வௌவால்களுக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. பல்லக்கா மூச்சைவிட்டாள். இரண்டாம் தடவை பூதம் பின்வாங்கியது, கரடி நின்றது. மூன்றாம் தடவையும் நின்றது. அவள் திரையில் அந்தக் கரடியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் உடும்பு எங்கே, தன் வேட்டைக்காரி எங்கே நிற்கிறாள், எதுவும் அவள் கவனத்தில் இல்லை. வாயில் ஈ போவது தெரியாமல் தம்பி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கல்பூதம் தன் பக்கம் திரும்பியதைக் கவனிக்கவில்லை.

“பல்லக்கா! என்ன பண்றீங்க? தூங்கறீங்களா?”

திடுக்கிட்டாள். உயிர் பாதி போயிருந்தது. பதறி எதையோ அழுத்தினாள், அவளே கட்டிய விசைகள் அவளுக்கே மறந்துபோயின. உடும்பு தப்பான பக்கம் ஓடியது. ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள்.

“யாரும் கத்தாதீங்க,” என்றது தம்பியின் குரல். நெரிசலில் சிக்கிய பஸ்ஸில், இருக்கையிலிருந்து திரும்பிப்பார்க்காமலே பயணிகளை அடக்கும் குரல். “அக்கா, நீ பின்னால போ. நான் பாத்துக்கறேன்.”

சுவருக்கு அப்பால் இரண்டு தட்டு. கண்டக்டர் பாய்ந்து வந்து அவளுக்கும் பூதத்துக்கும் நடுவில் நின்று உறுமியது.

இடது பக்கம் வௌவால் இருக்குடா, கரடியோட உயிரைப் பாரு, மூணு தட்டு ஞாபகம் இருக்கா என்று அவளிடம் சொல்வதற்கு ஒன்பது விஷயம் இருந்தது. கண் கலங்கி எதிரே திரை சரியாகத் தெரியவில்லை. ஒன்பதையும் விழுங்கிக்கொண்டு, அவள் பின்னால் போனாள்.